கைலாசநாதனின் மூக்கும் மணக்காத மழையும்

கொல்லம் 1126 மேட மாதத்தில், அதாவது 1951 சித்திரையில், மருதங்கோணத்தில் மழை பெய்யாமல் மழையின் மணம் மட்டும் பெய்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. கொடியில் கிடந்த துணிகள் காய மறுத்தன. கிணற்றுத் தவளைகள் மேலேறி வந்து தெருவில் உட்கார்ந்து கத்தின. குடை இருந்தவர்கள் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்கள். மலைமேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனால் அண்ணாந்து பார்க்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. அந்த வேலைக்கு ஒரு மூக்கை நியமித்திருந்தார்கள்.

அந்த மூக்கு கைலாசநாத பிள்ளையுடையது. கால்வாய்த் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர் என்பதால் கன்னிப்பூ என்கிற முதல் போகத்துக்கு அங்கே பொடிவிதைதான். மழை நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும் காய்ந்த புழுதியில் நெல்லைத் தூவுவார்கள். மலைப்பக்கம் விழுகிற புதுமழையின் மண்மணத்தை முதலில் பிடிப்பது கைலாசநாதன் குடும்பத்தின் உரிமை. அவர் கோயில் முன்னால் நின்று "வந்தாச்சு" என்பார், ஊர் விதைக்கும். அதற்காக அவருக்குப் பரிவட்டம், முதல் வெற்றிலை. அளவில் பெரியது என்பதைத் தவிர அந்த மூக்கில் வேறு விசேஷம் எதையும் யாரும் கண்டதில்லை. இருந்தும் கும்பிட்டார்கள். கும்பிட எதையாவது கொடுத்தால் போதும், அந்த ஊர்க்காரர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள்.

மணம் வந்ததோ அவர் வீட்டுப் புறவாசலிலிருந்து. மகன் அய்யம்பெருமாள் திருவனந்தபுரத்தில் சயன்ஸ் படித்து, தோற்று, மறுபடியும் தோற்று, ஒரு சீசாவில் நீலப்பச்சைப் பாசியோடு திரும்பியவன். மாட்டுக்கான கல்தொட்டிகளில் சாணிக்கரைசலும் சாம்பலும் இட்டு அதை வளர்த்தான். பாசி காற்றில் விடுகிற மணத்தைப் பிடித்து அத்தராக விற்கலாம் என்று நினைப்பு. முதல் தொட்டி வெள்ளரிக்காயாக மணத்தது. அடுத்தது கருவாடாக நாறியதில், அந்தச் சைவ வீட்டுக்கு ஒரு பருவம் முழுக்க விருந்தாளி வரவில்லை. மூன்றாவதில்தான் மழை. மழையில் மண் மணப்பதே இந்தப் பாசியும் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்களும் விடுகிற வாசனையால்தான் என்று அவன் படித்த புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுத மட்டும் மறந்துவிட்டான்.

"அப்பா, இது நம்ம தொட்டியில உள்ள மணமாக்கும்" என்று சொல்லிப் பார்த்தான்.

"ஏலே, என் மூக்குக்கு நீ பாடஞ் சொல்லுதியா?" என்றார் கைலாசநாதன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். அப்பனுக்குப் பயந்து ஊரைப் பட்டினி போடத் துணிந்த கோழை. தொட்டியைக் கவிழ்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

கைலாசநாதனின் தம்பி இறந்தபின் அவன் மனைவி கோமளவல்லிக்கு மிஞ்சியது ஒரு வயலும் ஒரு மண்குலுக்கை நிறைய விதைநெல்லும். ஒரு பூ, ஒரே ஒரு போகம், தரிசாகக் கிடந்தாலும் வயல் குடும்பத்துக்குத் திரும்பிவிடும் என்று பேசி முடித்திருந்தார்கள். குடும்பம் என்றால் கைலாசநாதன். "வந்தாச்சு" என்ற குரல் கேட்டதும் ஊரெல்லாம் விதைப்பெட்டியோடு ஓடியபோது, அவள் மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேகமே இல்லியே அத்தான். நான் இப்பம் விதைக்க மாட்டேன்."

"விதைக்காண்டாம். வயலு எங்கயும் போவாது, வீட்டுக்குத்தான் வரும்" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கும் அவர்கள் அந்த மூக்கைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

விதைத்ததைப் புறாவும் எறும்பும் தின்றன. அடுத்து வந்த இடவ மாதத்தில் நிஜமான மழை வந்தது, மணமே இல்லாமல். அந்த ஊருக்கு உண்டான மணத்தையெல்லாம் தொட்டி முன்கூட்டியே செலவழித்துவிட்டிருந்தது. ஆண்கள் கோயில் முன்னால் தொப்பலாக நனைந்தபடி கைலாசநாதனின் முகத்தையே பார்த்தார்கள். மூக்கு நுனியில் தண்ணீர் ஒழுக அவர் நெடுநேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "மணம் இல்ல. இது மழையில்ல" என்றார். வேட்டி காலோடு ஒட்டிக்கொள்ள ஊர் தலையாட்டியது. மலையில் எவனோ தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறான் என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். கையில் மிச்சமிருந்த விதைநெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்திச் சோறாக்கித் தின்றார்கள். கோமளவல்லி குலுக்கையைத் திறந்தாள்.

அந்தப் பூவில் மருதங்கோணத்தில் விளைந்தது ஒரே வயல். அது அவளிடமே நின்றது. அடுத்த விதைப்புக்கு ஊர் முழுக்க அவள் முற்றத்தில் பெட்டியோடு வந்து நின்றது. அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் முன்வரிசையில் நின்றார்கள். கைலாசநாதன் வரவில்லை, மகனை அனுப்பினார். எல்லோருக்கும் போலவே அவனுக்கும் அளந்து கொட்டிவிட்டு, "அப்பாக்க மூக்கு சொகமா இருக்கா மக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அங்கே மழை மணக்கவே இல்லை. 1956இல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தார்கள், அப்போதும் மணக்கவில்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. அய்யம்பெருமாளின் தொட்டிகளில் மாடுகள் தண்ணீர் குடித்தன. மேட மாதம் பிறந்தால் கைலாசநாதன் கோமளவல்லியின் வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவள் மலையைப் பார்த்துவிட்டு விதைப்பெட்டியோடு வயலுக்கு இறங்கியதும், கோயிலுக்குப் போய் மூக்கை உயர்த்தி, ஆழ இழுத்து, "வந்தாச்சு" என்பார். பரிவட்டம் இப்போதும் அவருக்குத்தான். அந்தக் குரல் வயலுக்கு வந்து சேரும்போது அவள் பாதி விதைத்து முடித்திருப்பாள்.