கழுத்துப் பட்டை

என் தம்பிக்குப் பொறுமை என்பது கிடையவே கிடையாது. சாயங்காலம் நானே பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். மறுநாள் ஒரு பெரிய இசைக்குழுவில் வாசித்துக் காட்டச் சொல்லி அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சாக்ஸபோன் பளபளவென்று இருந்தால்தான் துரைக்குத் தைரியம் வருமாம்.

"வாசிக்கப்போறது நீயா, பித்தளையா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனான். வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறையில் இரண்டு அறைகள். முன்னறையில் நானும் என் கணவரும் ஊதுகருவிகளைப் பிரித்துப் பழுது பார்ப்போம். பின்னறையில் பாலிஷ் மெஷின். மோட்டாரில் கனமான துணிச்சக்கரம் சுழலும். பித்தளையை அதில் ஒட்டிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அதைப் போல நம்பிக்கைத் துரோகம் செய்கிற சாமான் வேறில்லை. சக்கரத்தின் கீழ்ப்பாதியில் பிடிக்கும் வரை பூனைக்குட்டி மாதிரி இருக்கும். மேல்பாதியில் ஒரு விளிம்பு பட்டால் போதும், கையில் இருப்பதை வெடுக்கென்று பிடுங்கிவிடும். பிடுங்கினால் விட்டுவிட வேண்டும். சாமான் போனால் போகட்டும், கை மிஞ்சும்.

அன்று கணவர் திருகாணி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நான் ஒரு கிளாரினெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னறையில் மோட்டார் உறுமியது. கொல்லைப்பக்கக் கதவு வழியாக நுழைந்திருக்கிறான், திருட்டுப்பயல்.

நாலு வார்த்தை கிழிக்கலாம் என்று எழுந்து போனேன். அவன் எனக்குப் பக்கவாட்டில் நின்றான். எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற அளவுக்கு உயரம். சக்கரத்தின்மேல் வளைந்து குனிந்திருந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றியிருந்தான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்தான். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததெல்லாம் ஒன்று விடாமல் செய்திருக்கிறானே என்று ஒரு கணம் மெச்சினேன்.

அப்புறம்தான் பார்த்தேன். சாக்ஸபோன் அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வாசிக்கிறவர்கள் அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டித்தான் கையில் எடுப்பார்கள். கை வழுக்கினாலும் கருவி கீழே விழாது. பத்து வயதிலிருந்து அவனுக்கு அதுதான் பழக்கம். கடிகாரத்தைக் கழற்றத் தோன்றியவனுக்குப் பட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. இப்போது சக்கரம் பிடுங்கினால் அவன் கையை விட்டாலும் பயனில்லை. கருவியோடு கழுத்தும் போகும்.

நான் கத்தினால் தெருக்கோடி வரை கேட்கும், அப்படியொரு தொண்டை. ஆனால் கத்தினால் திடுக்கிடுவான். திடுக்கிட்டால் கை உயரும். பல்லைக் கடித்துக்கொண்டேன். சுவிட்ச் அவனுக்கு அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. சுவரோடு சுவராக நகர்ந்தேன். கடவுளே, இவன் நிமிரக் கூடாது, நிமிரக் கூடாது. வேறெதுவும் மனசில் இல்லை.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். பயப்படவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இங்க பாரேன், எப்பிடி மின்னுது!"

எனக்குக் காட்டுவதற்காகச் சாக்ஸபோனைத் தூக்கித் திருப்பினான். அதன் விரிந்த வாய் விளிம்பு சக்கரத்தின் மேல்பாதியில் பட்டது.

டமால் என்றது. கருவி கீழ்நோக்கிப் பாய்ந்தது, அவன் தலையும் கூடவே போனது. பித்தளை நசுங்கி மேசைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சிக்கியதால் சக்கரம் நின்றது; மோட்டார் மட்டும் ம்ம்ம் என்று இழுத்துக்கொண்டிருந்தது. நான் சுவிட்சை அடித்து அணைத்தேன்.

பட்டை, சக்கரம் மாட்டியிருக்கும் மோட்டார் தண்டில் இறுகச் சுற்றிக் கிடந்தது. அவன் தாடை தண்டோடு ஒட்டிக் கிடந்தது. கண்கள் பிதுங்கின. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் என் நகம்கூட நுழையவில்லை.

சக்கரத்தைப் பின்னால் சுற்றினால் பட்டை அவிழும். சிக்கியிருந்த பித்தளையை இழுத்து விலக்கிவிட்டு இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். அவன் தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்த முனகல் சட்டென்று நின்றது. நான் தப்பான பக்கம் சுற்றியிருந்தேன்.

தினமும் வேலை செய்கிற மெஷின். அது எந்தப் பக்கம் சுழலும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. செத்துவிட்டான், நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் மறுபக்கம் சுற்றினேன். ஒரு சுற்று. இன்னொன்று. பட்டை தளர்ந்தது. தலைக்கு மேலாகக் கழற்றினேன். அவன் சரிந்து என் மடியில் விழுந்தான்.

எந்தத் துளையில் காற்று கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. அவன் தொண்டையில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை.

"டேய், ஊதுடா! ஊதித் தொலைடா!" என்று அலறினேன். முதுகில் ஓங்கி அறைந்தேன். உஸ்ஸென்று ஒரு மூச்சு வந்தது. ஓட்டைக் கருவியில் வருகிற சத்தம்தான். இன்னொன்று வந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். தொண்டை வீங்கியிருந்தது. குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏதாவது பேசச் சொன்னார் டாக்டர். அப்போதுதான் என் கணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எப்பிடிடா ஆச்சு?"

தம்பி என்னைப் பார்த்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் அந்த அறைக்குள் போகாமல் இருந்திருந்தால் அவன் சாக்ஸபோனைத் தூக்கியிருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

"மெஷின் தானா இழுத்துருச்சு மாமா," என்றான். உப்புத்தாளை உரசுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். "அக்கா அப்ப ரூமுக்குள்ளயே வரல. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தா."

பொய் சொல்லாதே என்று அவனை அதட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.