காயாத தரை

எட்டு மாதமாக அறையை விட்டு வெளியே வராத தம்பி ஒருநாள் காலையில் பின்கட்டுக்கு வந்து நின்று, அளவு நாடா எங்கே இருக்கிறது என்று கேட்டான். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவிட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள். எதற்கு என்று கேட்டால் திரும்பிப் போய்விடுவானோ என்று பயந்து கேட்கவில்லை.

பதினெட்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன் அவன். அதை இழுத்து மூடினார்கள். மூடிய சூட்டோடு மனைவியும் வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று போனாள். தினமும் வந்த போன் வாரம் ஒன்றாகி, பிறகு நின்றேபோனது. அக்காதான் போய் அவனைப் பெட்டி படுக்கையோடு தன் வீட்டுக்கு அழைத்துவந்தாள். அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். நான் இல்லாதபோது உனக்கு ஒரு துணையாச்சு என்று சந்தோஷப்பட்டார். துணைக்கு வந்தவனுக்குத்தான் மூன்று வேளையும் சாப்பாட்டை அறைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது.

அக்காவிடம் ஆறு தாய்ப்பன்றிகள் இருந்தன. முந்தின நாள் சாப்பாடு கொடுக்கப் போனபோது, போன ஈற்றில் நாலு குட்டிகள் தாய்க்கு அடியில் நசுங்கிச் செத்ததைச் சொல்லிப் புலம்பியிருந்தாள். பதில் வராது என்று தெரிந்தே சொன்னதுதான். ஆனால் அது அவன் காதில் ஏறியிருந்தது.

பன்றி எப்படிப் படுக்கும் என்று கேட்டான். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து விழும், நடுவில் குட்டி மாட்டிக்கொள்ளும் என்றாள். அப்படியென்றால் சுவரை ஒட்டித் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குழாய் ஓட்டிவிட்டால், குட்டி அந்தச் சந்தில் புகுந்து தப்பித்துவிடும் என்றான். மூலையில் தாய் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பு, அதற்குள் குட்டிகளுக்குச் சூடு காட்ட ஒரு பல்பு. பழைய ஈற்றறையைப் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தான். அடுத்து ஈன வேண்டியதைச் சீமாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு மிடுக்கு. நீளத்தை அளக்கப் போனவனின் நாடாவை அது வாயில் கவ்விக்கொண்டு விடவே இல்லை. அன்று அவன் சிரித்தான். அக்கா அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

இரும்பு அவன் சொன்னபடி கேட்டது. சிமெண்ட் கேட்கவில்லை. குண்டும் குழியுமாக இருந்த பழைய தரையை உடைத்துவிட்டு அவனே கான்கிரீட் போட்டான். மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள் வெயிலே இல்லை. பன்றிக்குச் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே அறையில் விட்டுப் பழக்க வேண்டும். அந்த ஒரு வாரம் வந்தேவிட்டது.

அக்கா ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். பார்வைக்கு வெளுத்திருந்த தரை உள்ளே ஊறிக் கிடந்தது.

தீவன அறை நன்றாகக் காய்ந்த அறை. மூட்டைகளை எடுத்துவிட்டு இந்த ஈற்றை அங்கே பார்த்துக்கொள்ளலாம், இரண்டு மணி நேர வேலை. அதைச் சொல்லத்தான் போனாள். அவன் மண்டியிட்டு, பன்றியின் தோலில் கீறிவிடக் கூடாது என்று வெல்டிங் வைத்த இடங்களை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். முகத்தை மழித்திருந்தான். நிமிர்ந்து, எப்போது கூட்டிவரலாம் என்று கேட்டான். நாளைக்கே என்று அவள் வாயிலிருந்து வந்தது.

சீமாட்டியை வெந்நீரும் சோப்பும் போட்டு மடிவரை கழுவி உள்ளே விட்டார்கள். காலையில் பரப்பிய வைக்கோல் சாயங்காலம் அடியில் சொதசொதவென்று இருந்தது. அவனுக்குத் தெரியாமல் மாற்றினாள். மூன்றாம் நாள் அவனே கவனித்துக் கேட்டபோது, பன்றி தண்ணீர்த் தொட்டியைத் தட்டிவிட்டது என்றாள்.

ஏழாம் நாள் காலையில் சீமாட்டி வைக்கோலை வாயால் அள்ளிக் குவித்தது. காம்பில் பால் துளிர்த்தது. மத்தியானம் தொடங்கி நாலு மணிக்குள் பதினொரு குட்டிகள். அக்கா குட்டிகளின் மூக்கைத் துடைத்து, தொப்புளுக்கு மருந்து வைத்துக் கொடுக்கக் கொடுக்க, அவன் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திப்போய்க் காம்பில் சேர்த்தான். எழுந்து நின்ற தாய் மறுபடி சுவரோரம் சரிந்தபோது, ஒரு குட்டி குழாய்க்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. அவன் அக்காவைப் பார்த்தான்.

அதற்கு மறுநாள் ஆரம்பித்தது. குட்டிகள் பல்பு மூலையில் தங்கவில்லை. முதுகுக்கு மேலே சூடு, வயிற்றுக்கு அடியில் பனிக்கட்டி மாதிரித் தரை. குளிர் தாங்காமல் தாயின் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டன. குழாய் இல்லாத நடு அறையில் தாய் புரண்டு படுத்ததில் இரண்டு போயின. மூன்றாம் நாள் மற்றவற்றுக்கு வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தது. கால்நடை டாக்டர் வந்து, வைக்கோலை ஒதுக்கித் தரையில் கையை வைத்தார்.

"இந்தத் தரை எப்ப போட்டது?"

அக்கா நாள் சொன்னாள்.

"இன்னும் மூணு வாரமாவது காயணும்மா. வயித்துச் சூடு போனதுக்கப்புறம் மருந்து என்ன செய்யும்?"

தம்பி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் போனதும் தீவன அறை மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டான். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. தாயையும் குட்டிகளையும் அங்கே மாற்றினார்கள். காலம் கடந்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு மூன்று என்று போய்க்கொண்டே இருந்தன. கடைசிக் குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தே இருந்தான். ஏழாம் நாள் காலையில் அதையும் எடுத்துக் கீழே வைத்தான். சீமாட்டிக்குப் பால் கட்டி மடி கல்லாகிவிட்டது. குட்டிகளைக் கூப்பிடும் அந்தத் தாழ்ந்த உறுமல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

குழி வெட்டி மூடிவிட்டுக் கைகழுவும்போதுதான் கேட்டான்.

"அக்கா, தரை காயலைன்னு உனக்குத் தெரியுமா?"

இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் திராணி இல்லை. "தெரியும்."

"எப்பலேருந்து?"

"உள்ள விடறதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லலை?"

"நீ எழுந்து நடமாடினே. சாப்பிட்டே. அது கெட்டுடக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"பதினெட்டு வருஷத்துல நான் எத்தனையோ தப்பு செஞ்சிருக்கேன். போர்மேன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவார். பிரிச்சுட்டுத் திரும்பச் செய்வேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தீவன ரூமைக் காலி பண்ணியிருப்பேனே. நீ என்னை வேலை செய்யறவனா நினைக்கலைக்கா. நோயாளியா நினைச்சே."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விடு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

இரண்டு நாள் கழித்து, அவள் பன்றிகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் கிளம்பிப் போய்விட்டான். போனைக் கட்டில்மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். கணவர் தான் போகிற பாதையில் லாரி நிற்கிற இடமெல்லாம் விசாரித்தார். இரும்புப் பட்டறைகளில் அடையாளம் சொல்லிக் கேட்டார். அவனுடைய மனைவிக்கும் போன் போட்டார்கள். அவளுக்கு அவன் அக்கா வீட்டில் இல்லை என்பதே அப்போதுதான் தெரியும். இன்னொரு போன் வந்து, இன்னொருவர் தெரியாது என்று சொல்லி, ஒரு மாதம் போயிற்று.

அதற்குள் தரை தானாகவே காய்ந்திருந்தது. அடுத்த பன்றியை அந்த அறையில்தான் விட்டாள். பத்துக் குட்டி. ஒன்றுகூட நசுங்கவில்லை. பல்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு தூங்கின. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, குழாய் வேலை செய்தது யார், இன்னொரு இடத்துக்கு ஆள் தேவைப்படுகிறது என்று விசாரித்தார். ஊரில் இல்லை என்று சொன்னாள்.

மூன்றாம் நாள் குட்டிகளுக்கு இரும்புச் சத்து ஊசி போட வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் போடுகிற வேலை அது. அவள் தனியாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிப் போட்டாள். ஆறுக்குப் போட்டாள். ஏழாவது வழுக்கி ஓடியது, அதைப் பார்த்து மற்ற மூன்றும் சிதறின. அவற்றைத் துரத்த அவள் எழுந்திருக்கவில்லை. ஊசி கையில் இருக்க, மருந்து சொட்டிக்கொண்டிருக்க, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.