பான்டத்தின் முதல் ஓட்டம்

வெள்ளவத்தையில் பத்மாவதியின் சாமியறைக்கும் வீட்டுக் கராஜுக்கும் நடுவே ஒரேயொரு சுவர்தான். அந்தப் பக்கம் தேவாரம், இந்தப் பக்கம் சுத்தியல். ஒரு வருசமாக இரண்டும் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு வந்தன. கார் ஒழுங்கையில் வெயில் காய, கராஜுக்குள் ராசாபோல் நின்றது ஒரு பழைய பி.எஸ்.ஏ. பான்டம் மோட்டார் சைக்கிள்.

அதைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டுவந்தவன் பத்மாவதியின் மகன் உமாசுதன். அங்கே ஹியூபேட் என்பவரின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய கட்டில் சட்டங்களுக்கும் கிறிஸ்மஸ் மரத்துக்கும் நடுவில் கிடந்தது. "வேணுமெண்டா தூக்கிட்டுப் போங்க மகன், எலிதான் குடியிருக்கு" என்றார் ஹியூபேட். உமாசுதன் எலியோடு சேர்த்துத் தூக்கி வந்தான்.

இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. பகலெல்லாம் அங்கே மற்றவர்கள் செய்ததில் பிழை பிடிப்பான். மாலையில் கராஜுக்குள் இறங்கி, தான் செய்ததில் ஒரு பிழையும் பிடிக்க மாட்டான். அதற்குத்தான் அவன் மனைவி ரூபிகா இருந்தாள். பின்னேரங்களில் கணித ரியூஷன் எடுக்கிறவள். காலையில் வீட்டில் இருப்பாள். முதலில் கராஜுக்குள் தேத்தண்ணீர் கொண்டுபோனாள். பிறகு ரோர்ச் பிடித்தாள். பிறகு, அவன் மூன்று தரம் கோணலாகப் பூட்டிய பின்சக்கரக் கம்பிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தானே பூட்டினாள். வயர் முழுவதும் அவள் இழுத்தது. பிளக்கில் நெருப்புப் பொறி தெறிக்க வைக்கும் அந்தச் சின்னஞ்சிறு இடைவெளியைச் சரிபார்த்ததும் அவள்தான். பெற்றோல் தாங்கியின் துருவைச் சுரண்டியது மட்டும் அவன் தனியே செய்த வேலை, அதையே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

கெட்டவன் அல்ல. கனடாவிலிருந்து வீடியோவில் கூப்பிடும் அக்காவுக்கு, "நாங்கள் செய்தது" என்றுதான் சொல்வான். ஆனால் அடுத்த வசனம் "நான் ஓடிக் காட்டுறன் பாருங்கோ" என்று வரும். ரூபிகாவுக்கும் அதை ஓட்ட ஆசை இருக்கும் என்பது அவன் மூளைக்குள் ஏறவேயில்லை, அவ்வளவுதான். அவள் ரியூஷனுக்கு ஸ்கூட்டியில் போய்வருகிறவள், லைசன்ஸ் வைத்திருக்கிறவள். கேட்டால் தந்திருப்பான். கேட்காமல் தரவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அது அவளுடைய வீம்பு.

வண்டி முடியும் தறுவாயில் பத்மாவதி சட்டம் போட்டாள். கார் வாங்கியபோது ராகு காலத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தக் கிழமையே நுகேகொடைச் சந்தையடியில் கதவு நசுங்கியதை அவள் மறக்கவில்லை.

"எஞ்சினை வீட்டிலை ஒருதரும் ஸ்டார்ட் பண்ணப்படாது. வாற பூரணை, போயாவண்டு நாள் நல்லாயிருக்கு. பிள்ளையார் கோயில் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய், பூசை செய்து, தேசிக்காய் வைச்சுத்தான் முதல் ஸ்டார்ட். முதல் ஓட்டத்திலை ஏதும் பிழைச்சுதெண்டால் இது இந்த வீட்டிலை நிக்கப்படாது. ஹியூபேட்டிட்டையே திருப்பிக் குடுத்திடு."

"அம்மா, சோதிச்சுப் பாக்காமல் என்னெண்டு கோயிலுக்குக் கொண்டுபோறது?" என்றான் உமாசுதன்.

"பிள்ளையார் பாப்பார்" என்றாள் பத்மாவதி.

பத்மாவதி ஹியூபேட்டைக் கேட்டபோது, "எடுக்கிறேன் மிஸிஸ் பொன்னம்பலம், கவலப்படாதீங்க" என்று உடனே சொல்லிவிட்டார். எலி குடியிருந்த சாமான் இப்போது கறுப்பும் வெள்ளிக் கோடுமாக மினுங்குவதை அவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கொடுத்ததை நினைத்து மனிதருக்கு வயிறு எரிந்தது.

ரூபிகா சட்டத்தை மீற நினைக்கவில்லை. கடைசி வயரைப் பொருத்திய வெள்ளிக்கிழமை காலையில், மாமி கோயிலுக்கும் கணவன் வேலைக்கும் போனபிறகு, பொறி வருகிறதா என்று மட்டும் பார்க்கத்தான் காலை வைத்து ஒரு உதை உதைத்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெற்றோலும் எண்ணெயும் கலந்த நீலப் புகை கராஜை நிறைத்தது. அவள் கை வைத்த ஒவ்வொரு கம்பியும் வயரும் சேர்ந்து அவளுக்குக் கீழே துடித்தன. ஐயோ, நிற்பாட்டு என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் ஸ்கூட்டியின் ஹெல்மெட்டைத் தேடியது.

வண்டி ஒழுங்கையில் இறங்கியது. எதிர் அடுக்குமாடிக் காவலாளி வாயைப் பிளந்தான், பிறகு சலூட் அடித்தான். மரைன் டிரைவில் ஏறியபோது ஒரு பக்கம் கடல், நடுவில் தண்டவாளம், முகத்தில் உப்புக் காற்று. மூன்று கியரும் போட்டாள். திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, புகையை விரட்டச் சாம்பிராணி போட்டாள். மாமி வந்து மூக்கை இழுத்து, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா நல்ல வேலை செய்தாய் பிள்ளை" என்று பாராட்டினாள். ரூபிகாவுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது உண்மை. ஆனால் சந்தோசம் அதைவிட உயரமாக நின்றது. ஒருநாள் ஒளிக்காமல், எல்லாரும் பார்க்க இதை ஓட வேண்டும் என்று அவளுக்கு ஏக்கம் பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, ஞாயிறு ரியூஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவள் தற்செயலாக எஞ்சினில் கை வைத்தாள். சூடாக இருந்தது. கணவனைப் பார்த்தாள். அவன் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடிக்காத குறை. பின்னேர ரயில் கடற்கரையோரம் தடதடத்துப் போகும் நேரம் பார்த்து, அந்தச் சத்தத்துக்குள் தன் சத்தத்தை ஒளித்து, தாய் சாமியறையில் இருக்கும்போதே அவன் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். சொன்னால் தன்னுடையதையும் சொல்லவேண்டி வரும்.

போயா தினம் காலை, "சேலை கட்டன் பிள்ளை" என்று மாமி சொல்லியும் ரூபிகா பஞ்சாபி உடுப்புத்தான் போட்டாள். நல்லவேளை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஹெல்மெட்டுகள் இரண்டையும் உமாசுதன் அவள் கையில் தந்தான், தூக்கிக்கொண்டு வர.

கோயில் வாசலில் ஹியூபேட் ஏற்கெனவே நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு சின்ன லொறி. அதற்குள் கயிறும் இரண்டு பலகையும்.

"சும்மா, தெமட்டகொடைக்கு ஒரு வேலையா வந்தேன்" என்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து தெமட்டகொடைக்குப் போகிறவர் வெள்ளவத்தையால் சுற்றிப் போவதில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஐயர் சந்தனம் பூசினார், மாலை போட்டார், கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். இரண்டு சக்கரத்துக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. பூசை பார்க்க நின்ற சனத்துக்கு உமாசுதன் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தான்.

"இது அந்தக் கால வெள்ளைக்காரன்ரை மோட்டார் சைக்கிள். இப்பத்தையச் சைக்கிள்களுக்கு வலது கால் பிரேக், இடது கால் கியர். இதிலை மாறி. வலது கால் கியர், இடது கால் பிரேக். கவனமா இருக்கவேணும்."

அவ்வளவையும் சொன்னவன் ஏறி உட்கார்ந்தான். ஒரே உதை. எஞ்சின் பிடித்தது. பத்மாவதி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். "பாத்தியே, சோதிக்கவேணுமாம் சோதிக்க" என்று ரூபிகாவின் தோளில் இடித்தாள். ரூபிகா நிலத்தைப் பார்த்தாள்.

தேசிக்காய்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது. பத்தடிக்கு முன்னால் அர்ச்சனைத் தட்டு விற்கிற கடை. தேங்காய்க் குவியல், தாமரைப்பூ வாளி. உமாசுதன் பிரேக்கை மிதித்தான். அதாவது, பதினைந்து வருசமாகத் தினமும் காரில் இரத்மலானைக்குப் போய்வந்த வலது கால் தன்பாட்டில் மிதித்தது. வேகம் குறையவில்லை, கியர்தான் மாறியது. வண்டி ஒரு குதி குதித்தது. அவன் இன்னும் பலமாக மிதித்தான். கைப் பிரேக் என்று ஒன்று இருப்பது அவனுக்கு நினைவே வரவில்லை.

"அய்யே, பரிஸ்ஸமென்" என்று சிங்களத்தில் எச்சரித்துவிட்டுக் கடைக்காரன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு விலகினான். பான்டம் தேங்காய்க் குவியலில் ஏறி, மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்தது. எஞ்சின் நின்றது. உமாசுதன் தாமரைப்பூக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

ரூபிகா ஓடினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, வேறொன்றுமில்லை. வண்டியின் ஒரு கைப்பிடியில் கீறல். அவள் முதலில் பார்த்தது கைப்பிடியையா முழங்கையையா என்று பிறகு அவர்களுக்குள் நெடுநாள் வாக்குவாதம் இருந்தது.

பத்மாவதிக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"முதல் ஓட்டம். கோயில் வாசல். நான் சொன்னது சொன்னதுதான். ஹியூபேட், ஏத்துங்கோ."

ஹியூபேட் கயிற்றை எடுத்தார். அவ்வளவு துக்கமான முகத்தோடு அவ்வளவு வேகமாக யாரும் கயிறு எடுத்ததில்லை.

"அம்மா, பொறுங்கோ" என்றான் உமாசுதன், தலையில் ஒரு தாமரை இதழோடு. "இண்டைக்கு முதல் தரம் இல்லை. நான் ஞாயிற்றுக்கிழமையே வீட்டிலை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினனான்."

"எத்தினை மணிக்கு?"

"பின்னேரம்... அஞ்சு மணியிருக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணி" என்றாள் பத்மாவதி. "சுத்தமான ராகு காலம். தேடிப் பிடிச்சிருக்கிறாய். ஹியூபேட், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

லொறியின் பின்கதவு திறந்தது. பலகை இறங்கியது. ரூபிகா பின் சக்கரத்தைப் பார்த்தாள். அவள் பூட்டிய கம்பிகள். சொன்னால் மாமிக்குத் தான் பொய்க்காரி ஆகிவிடுவாள். அவனுக்கோ, ஒரு வருசக் கனவை அவனுக்கு முன்னால் களவாக அனுபவித்தவள் ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் பான்டம் மறுபடி மாடிப்படிக்குக் கீழே போய்விடும்.

"மாமி, அதுக்கும் முதல் நான் ஓடினனான்."

எல்லோரும் திரும்பினார்கள். கயிற்றோடு ஹியூபேட்டும்.

"என்ன?" என்றான் உமாசுதன்.

"போன வெள்ளிக்கிழமை காலமை. நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு. மாமி கோயிலுக்குப் போயிருந்தவ."

அவன் முகத்தில் ஒரு அடி விழுந்ததுபோல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், அவளுக்கும் வலித்தது. இவ்வளவு நாளும் தூக்கத்தில்கூட அவன் ஓடிப் பார்த்த வண்டி.

"எவ்வளவு தூரம்?" என்றான்.

"மரைன் டிரைவ். போய்த் திரும்பி வந்தனான்."

"மூண்டாவது கியர் போட்டனீரோ?"

"ஓம்."

"வழுக்கி வெளியிலை வரேல்லையோ?"

"இல்லை. பிடிச்சு நிண்டுது."

உமாசுதனின் முகம் மெல்ல மலர்ந்தது. அந்தக் கியர்ப் பெட்டியை அவன் நான்கு முறை பிரித்துப் பூட்டியிருந்தான். மூன்றாவது கியர் வழுக்கும் என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்காகச் சுமந்தவன். "பிடிச்சு நிண்டுதாம்" என்று ஹியூபேட்டிடம் சொன்னான். கடைக்காரனிடமும் சொன்னான். அவனுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் தலையாட்டினான். அடி விழுந்த முகம் போன இடம் தெரியவில்லை. இவனைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று ரூபிகா நினைத்தாள்.

பத்மாவதி இதொன்றிலும் கவனமாக இல்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமை எத்தினை மணிக்கு?"

"எட்டுக்குக் கிட்ட, மாமி."

"விழுந்தனியே?"

"இல்லை மாமி."

பத்மாவதி ஐயரைப் பார்த்தாள். அடுத்த அர்ச்சனைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். ஐயர் விரலில் எண்ணினார்.

"வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தானே தொடங்கும். எட்டு மணி நல்ல நேரம். முதல் ஓட்டம் அப்பவே நல்லபடி முடிஞ்சுது. இண்டைக்கு நடந்தது பூசை மட்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அதுதானே" என்றாள் பத்மாவதி. நிறம் திரும்பி வந்தது. "லட்சுமி வாற நாளிலை, வீட்டு மருமகள் ஓடியிருக்கிறாள். அதிலை என்ன குறை? ஹியூபேட், கயிறை வைச்சிட்டுப் பிரசாதம் எடுங்கோ." பிறகு ரூபிகாவிடம் திரும்பினாள். "எனக்கு ஒளிச்சதுக்கு வீட்டை வந்து கதைக்கிறன். சாம்பிராணி போட்டாள் எண்டு நான் வேறை புகழ்ந்து திரிஞ்சனான்."

ஹியூபேட் கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடிக்க நேரம் எடுத்தது. கடைசியில், "நல்லா செஞ்சிருக்கீங்க ரெண்டு பேரும்" என்றார். மனம் வந்துதான் சொன்னார்.

உமாசுதன் வண்டியை நிமிர்த்தித் தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். பிடித்துக்கொண்டு நின்றான், ஏறவில்லை. அவளிடம் இருந்த ஹெல்மெட்டுகளில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"ஏறுமன்" என்றான். "நான் பின்னாலை இருக்கிறன்."

வீம்பு பிடித்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் குனிந்து பெற்றோல் குழாயைப் பார்த்தாள். விழுந்ததில் எஞ்சினுக்குள் பெற்றோல் நிரம்பிப்போயிருந்தது. முதல் உதைக்கு இருமியது, இரண்டாவதற்கும் இருமியது. குழாயை மூடி, கைப்பிடியை முழுதாகத் திருகி, மூன்றாவது உதை. நீலப் புகை கோபுரத்துப் பக்கம் போனது.

"நேர வீட்டை கொண்டுபோங்கோ" என்று பத்மாவதி பின்னால் சொன்னாள்.

காலி வீதி விடுமுறையில் அகலமாகக் கிடந்தது. புடவைக்கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், ஒரு ஓட்டோக்காரன் பக்கத்தில் வந்து கட்டை விரலைக் காட்டினான். அவள் ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் உமாசுதன் வண்டியின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான்.

அவர்களுடைய ஒழுங்கை வந்தது. அவள் திரும்பவில்லை.

"ரூபி, ஒழுங்கை தாண்டியாச்சு."

"தெரியும்."

அவன் இரண்டு கையாலும் அவள் இடுப்பை நன்றாகப் பிடித்துக்கொண்டான். வெள்ளவத்தை முடிந்து தெஹிவளைப் பாலம் தெரிந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அவனும் சிரித்தான்.