கொப்பரையின் அடிப்பக்கம்

"கொப்பரையைக் கவுத்துங்க. அதோட அடியை நான் பாக்கணும்."

இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா காலையிலிருந்து கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். சுனிவா கேட்டுவிட்டாள். பியர் காய்ச்சும் கொட்டகையில் இருந்தவர்கள் கோப்பையை வாயருகிலேயே நிறுத்தினார்கள். நாளை அப்பாவின் அடக்கம். அதற்கான பியரை ருசி பார்க்க அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பா கடைசியாகக் காய்ச்சியது.

அண்ணன் தோர்கெய்ர் சிரிக்க முயன்றான். "படிச்ச பொண்ணு இல்லையா, பாத்திரத்துக்கும் பரீட்சை வைக்கிறா பாருங்க."

யாரோ ஒருவர் சிரித்தும் வைத்தார்.

அண்ணன் போலீசிடம் சொன்னது இதுதான்: பண்ணை வேலைக்கு வந்த லிதுவேனியாக்காரன் யுர்கிஸ் குடித்துவிட்டுக் கொப்பரையில் மோதினான், முளைவிட்ட பார்லியில் எடுத்த கொதிக்கிற மால்ட் சாறு பாதி அப்பாவின் மேல் கொட்டியது. யுர்கிஸ் இப்போது காவலில் இருக்கிறான். அப்பாவை வெளியே இழுத்துப் போட்டதில் அவன் உள்ளங்கைகளும் வெந்திருந்தன. அவனுக்காகப் பேச இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு நாதி இல்லை.

சுனிவா கொப்பரையின் காதைப் பிடித்து இழுத்தாள். அது கிறீச்சிட்டுக் கவிழ்ந்தது. பழைய செம்புக் கொப்பரையைத் தள்ளிவிட்டு அண்ணன் வாங்கிய எவர்சில்வர். உள்ளும் பக்கமும் பளபளவென்று தேய்த்திருந்தார்கள். அடியைத் தேய்த்தும் போகவில்லை. நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் கருநீலம், ஊதா, விளிம்பில் வைக்கோல் மஞ்சள். தகடு வளைந்து புடைத்திருந்தது.

"உள்ள சாறு இருந்தா எவ்வளவு தீ வெச்சாலும் அடி நீலமாகாது. இது காலியா தீ மேல கிடந்திருக்கு. சாறைப் பூரா தொட்டியில இறக்கிட்டு அடுப்பை அணைக்காம விட்டிருக்காங்க. அப்பா கழுவலாம்னு ஒரு வாளித் தண்ணிய ஊத்தியிருக்காரு. மொத்தமும் ஆவியா அவர் மூஞ்சில அடிச்சிருக்கு."

"அடுப்பு எரியறதுகூடவா தெரியாது அவருக்கு?" என்றார் பக்கத்துப் பண்ணை ஹால்வர்.

"அடுப்பைச் சுத்தித் தகரம். தீ கண்ணுக்குப் படாது. ஆவி பட்டா கெட்டுடும்னு காது மெஷினை எப்பவும் கழட்டி வெச்சிடுவாரு, அடுப்போட இரைச்சலும் கேட்டிருக்காது. உங்களுக்குத் தெரியாததா?"

"அடுப்பு யுர்கிஸ் பொறுப்பு," என்றான் தோர்கெய்ர்.

"அவன் மாட்டுக் கொட்டில்ல இருந்தான். அடுப்பு உன் பொறுப்பு. நீ எங்ககூட வீட்டுக்குள்ள உக்காந்து குடிச்சிட்டிருந்த."

அன்று எல்லோரும்தான் வீட்டுக்குள் இருந்தார்கள். சாறு புளிக்க ஈஸ்ட் போடுகிறவன் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கேட்கிறவர்கள் பதிலுக்குக் கத்த வேண்டும். அப்போதுதான் பியர் வீரியமாக வரும். இங்கே அப்படித்தான். கொட்டகையிலிருந்து அலறல் வந்ததும், "போட்டுட்டாருடா கிழவர்!" என்று தோர்கெய்ர் கோப்பையைத் தூக்கினான். எல்லோரும் ஊளையிட்டார்கள், சுனிவாவும்தான். அப்பா மறுபடி அலறினார். இவர்கள் இன்னும் பலமாக ஊளையிட்டார்கள். யுர்கிஸ் மட்டும்தான் ஓடினான். அவனுக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது.

அன்று சாயங்காலம் ஈஸ்ட் போட்டது தோர்கெய்ர். கத்தவில்லை.

"அவன் வேணும்னேவா செஞ்சான்?" அம்மாவின் குரல் உடைந்தது. "மறதிடி. யுர்கிஸ் வெளியூர்க்காரன், எப்படியும் திருப்பி அனுப்பிடுவாங்க. உன் அண்ணன் உள்ள போனா இந்தப் பண்ணையை யாரு பாப்பா?"

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பேம்மா. இவன் அதை இன்னொருத்தன் தலையில கட்டிட்டான். காப்பாத்த ஓடினவன் தலையில."

"போ," என்றான் தோர்கெய்ர். முகம் வெளுத்திருந்தது. "போய் போலீஸ்ல சொல்லு. நாளைக்கு அப்பா பெட்டி கிட்ட நீ வரக் கூடாது. இந்த வாசல்லயே கால் வைக்கக் கூடாது."

அம்மா அவனைத் தடுப்பாள் என்று சுனிவா ஒரு கணம் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹால்வர் தன் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார். "ஒரு வாய் குடிச்சிட்டு உக்காரு தாயி. நாளைக்கு அடக்கம் முடியட்டும், பேசிக்கலாம்."

"நாளைக்கு யாரும் பேச மாட்டீங்க."

அவள் கொப்பரையை இரண்டு கையாலும் தூக்கி இடுப்போடு அணைத்துக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. கதவை யாரும் திறந்துவிடவில்லை. காலால் தள்ளித் திறந்து, மழைக்குள் காரை நோக்கி நடந்தாள்.