மிச்சம் மூணு கையில

முப்பத்தாறு வருஷம் மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தியதில் நான் தின்ற சாக்பீஸ் தூளை நிறுத்துப் பார்த்தால் ஒரு கன்றுக்குட்டி எடை தேறும். ஓய்வுபெற்ற அன்று நான் தும்மியதில் தலைமையாசிரியரின் கறுப்புக் கோட்டு வெள்ளையாகிவிட்டது. இனி எக்ஸ் முகத்தில் விழிப்பதில்லை என்று ஆனையூர் வீட்டில் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் படுத்துவிட்டேன்.

என்னை எழுப்பியது என் மனைவி இன்னாசியம்மாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் என்னைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் பெயர் பாண்டீஸ்வரி. நாற்பத்தொரு வயது. சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளர். விடிகாலையில் வெற்றிலை எண்ணிக் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போகிறவள். அங்கே அமைப்பாளர் ஓய்வுபெறப் போகிறார். பத்தாவது தேறியிருந்தால் அந்த இடம் பாண்டீஸ்வரிக்கு. இல்லையென்றால் வெளியாள் வருவார். இவள் கடைசிவரை கரண்டியோடு நிற்க வேண்டியதுதான். மற்றப் பாடமெல்லாம் முடித்துவிட்டாள். கணக்கில் மட்டும் நான்கு முறை கவிழ்ந்திருக்கிறாள். ஜூன் மறுதேர்வை விட்டால் வேறு வழியில்லை.

மே மாதச் சனிக்கிழமை, முதல் பாடம். அன்று அடித்த வெயிலில் பலகையில் நான் போட்ட கழித்தல் குறி வளைந்து, நழுவித் தரையில் விழுந்தது. இன்னாசியம்மாள் அதைக் குப்பையோடு கூட்டித் தள்ளினாள். மிச்சத்தை வைத்துக்கொண்டு நடத்தினேன்.

"சார், இந்த எக்ஸு யாரு? நாலு வருசமா என்னய ஃபெயிலாக்குறான்."

சாய்ந்துகொண்டு, "பன்னிரண்டைப் பதிமூணால பெருக்கு" என்றேன்.

நாற்காலியில் நான் முதுகை நகர்த்துவதற்குள் போட்டுவிட்டாள். நூற்று ஐம்பத்தாறு.

"பன்னிரண்டுன்னா பத்தும் ரெண்டும். பதிமூணுன்னா பத்தும் மூணும். விடையில ஒரு நூறு, அஞ்சு பத்து, ஆறு ஒண்ணு. இப்ப அந்தப் பத்தை அழிச்சிட்டு அங்க எக்ஸ் போடு."

போட்டாள். ஒரு எக்ஸ் ஸ்கொயர், ஐந்து எக்ஸ், ஆறு. பேனாவைக் கீழே வைத்தாள்.

"அம்புட்டுத்தானா? இதுக்கா என்னயப் போட்டு அம்புட்டுப் பாடு படுத்துனாங்க?"

நான் இரண்டு வாரம் பெருமையோடு தூங்கினேன். மூன்றாம் வாரம் எக்ஸ் கூட்டல் ஏழை எக்ஸ் கூட்டல் ஐந்தால் பெருக்கச் சொன்னேன். இரண்டு எக்ஸ் ஸ்கொயர், ஐந்து எக்ஸ், ஐந்து என்று எழுதி நீட்டினாள்.

"இது எப்படி வந்துச்சு?"

"ஏழஞ்சு முப்பத்தஞ்சு. அஞ்சு போட்டு மிச்சம் மூணு கையில. ஏழும் அஞ்சும் பன்னெண்டு, மூணு சேந்தா பதினஞ்சு. அஞ்சு போட்டு ஒண்ணு கையில. நீங்க சொன்ன வழிதான சார்?"

நான் காட்டிய வழியேதான். நோட்டைப் புரட்டினேன். எல்லாக் கணக்கிலும் மிச்சத்தைக் கையில் வைத்திருந்தாள். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"தப்பும்மா."

"பத்துன்னு வச்சுப் பாருங்க சார். இருநூத்தி அம்பத்தஞ்சு. பதினேழு பதினஞ்சும் அதான். எங்க தப்பு?"

எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. எக்ஸுக்கு நூறு வைத்துப் பார்க்கச் சொன்னேன். விடை ஒட்டவில்லை. நெடுநேரம் நோட்டைப் பார்த்தாள்.

"அப்ப நூறுதான் சார் தப்பு."

கண்ணை மூடிக்கொண்டேன். ஒருத்திக்கு எக்ஸைக் காட்டுகிறேன் என்று சொல்லி, தெரிந்த கணக்கையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன். இவள் ஐந்தாம் முறை கவிழ்ந்தால் அது என் கணக்கில்தான்.

அந்நேரம் உள்ளேயிருந்து இன்னாசியம்மாளின் குரல். "ஏம்மா பாண்டீஸ்வரி! கவுளின்னா நூறு வெத்தலன்னுதான சொன்ன? நீ குடுத்ததுல எம்பதுதான் இருக்கு."

"எண்ணவா செஞ்சீங்க?"

"கணக்கு வாத்தியாருக்கு வாக்கப்பட்டுட்டு எண்ணாம இருப்பேனா?"

"அது எங்க ஊர்ல கட்டுனது இல்லம்மா. இன்னிக்கு நேரமாயிருச்சுன்னு வெளியூர்க்காரங்ககிட்ட வாங்குனேன். ஊருக்கு ஊரு கவுளி மாறும்ல."

நான் கண்ணைத் திறக்காமலே கேட்டேன். "ஒரு குவியல் வெத்தலையக் கொட்டி, எந்த ஊருக்குப் போகுதுன்னு சொல்லாம கட்டச் சொன்னா?"

"எப்பிடிக் கட்ட? எம்புட்டுக்கு ஒரு கட்டுன்னு தெரியணும்ல. உதிரியாத்தான் கெடக்கணும்."

மின்விசிறி நின்று கவனித்தது. மின்சாரம் போய்விட்டது என்று இன்னாசியம்மாள் சொன்னாள், நான் நம்பவில்லை.

"சார்."

"ம்."

"இந்த எக்ஸு எந்த ஊருன்னு தெரியாதா?"

"தெரியாது."

"பத்துன்னு நெனச்சுல்ல கட்டிக்கிட்டிருந்தேன்! தெரியாதவனுக்குக் கட்டவே கூடாதே. முப்பத்தஞ்சு முப்பத்தஞ்சாவே கெடக்கணும். பன்னெண்டும் அப்பிடியே." நோட்டைப் பிடுங்கித் தப்பு விடைகளை அடிக்க ஆரம்பித்தாள். "மொதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?"

"எனக்கு மொதல்ல தெரியலம்மா" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் நான் வகுப்பில் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

நோட்டு முழுவதையும் அவள் திருத்தி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நான் விடை சரிபார்த்தபடியே நாலு தடவை தூங்கினேன்.

தேர்வு முடிவு ஒரு சனிக்கிழமை வந்தது. போனில் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"சார், நாப்பத்தி மூணு! பாஸு! அமைப்பாளரம்மா இன்னிக்கே சாவிய என் கையில குடுத்துப் பாத்துக்கச் சொல்லிருச்சு."

நன்றி சொல்லிப் போனை வைக்கப் போனேன். ஏன் நான் நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

"வச்சிராதீங்க சார். பக்கத்து வீட்டு ஒச்சம்மாளும் கணக்குலதான் நிக்கிறா. எங்க தெருவுல இன்னும் கொஞ்சப் பேரு இருக்காங்க. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுத்தான் வாரேன்."

"எம்புட்டுப் பேரும்மா?"

"இன்னும் ஏறிக்கிட்டிருக்காங்க சார்."

இன்னாசியம்மாள் பலகையைத் துடைக்கத் தொடங்கினாள். சோழவந்தான் பஸ் ஆனையூர் வந்துசேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.