நாலு சுற்றுக்கு ஒரு டக்

தாராவியில் சொரிமுத்துவின் தோல் கிடங்கில், கட்டுகளை மாடிக்குத் தூக்கும் மோட்டார்ச் சங்கிலியை மூன்று பல்சக்கரங்கள் இழுத்தன. ஐம்பத்து மூன்று, எழுபத்தொன்று, நூற்றேழு பற்கள். சக்கரங்கள் தேய்ந்துவிட்டதால் புதிது வெட்ட அளவெடுக்க வந்தான் குர்லா பட்டறைத் தனசீலன். அந்த எண்களைப் பார்த்ததும் அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரோ வெவரமானவன் போட்டிருக்கான் அண்ணாச்சி. மூணும் பகா எண்ணு. ஒண்ணையும் அதையும் தவிர வேற எதுவும் வகுக்காது. இப்போ சேர்ந்து நிக்கிற மூணு பல்லும் திரும்ப இப்படி நிக்க எத்தன பல்லு ஓடணும் தெரியுமா?"

மூன்றையும் பெருக்கிச் சுவரில் சாக்கட்டியால் எழுதினான்: 4,02,641.

"ஒரு பல்லு மோசமா இருந்தாலும் அடி எல்லாப் பல்லுக்கும் பங்காயிரும்."

சொரிமுத்து அந்த இலக்கங்களை விரல்விட்டுக் கூட்டினார். முகம் கறுத்தது.

"பதினேழுல்லா வருது. ஒண்ணும் ஏழும் எட்டு. சனி! அம்பத்தி மூணும் எட்டு, எழுபத்தொண்ணும் எட்டு, நூத்தேழும் எட்டு. எம் பொண்டாட்டி பொறந்ததும் பதினேழாந் தேதிவே. அவதான் கீழ நின்னு கட்டு மாட்டுதா."

"எண்ணு சக்கரத்துக்கு அண்ணாச்சி, ஆளுக்கில்ல."

"ஒவ்வொண்ணுலயும் ஒரு பல்லு கூட்டும். எல்லாம் ஒம்பதாயிரும்."

அப்படியானால் ஐம்பத்து நாலு, எழுபத்திரண்டு, நூற்றெட்டு. தனசீலன் மனக்கணக்குப் போட்டான்.

"வேண்டாம் அண்ணாச்சி. இருநூத்திப் பதினாறு பல்லுக்கு ஒருக்கா அதே மூணும் மோதும்."

"அதக் கூட்டினா?"

"ஒம்பது."

"பெறவென்ன? வெட்டும்."

வெட்டிக் கொடுத்தான்.

மழைக்காலம் வந்ததும் எண்ணெய் போட வந்த தனசீலன் வாசலிலேயே நின்றான். டக். சின்னச் சக்கரம் நாலு சுற்றியதும் மறுபடி டக். நாலு ஐம்பத்து நாலு, இருநூற்றுப் பதினாறு. வார்ப்பில் குமிழி விழுந்த ஏதோ ஒரு பல்லை அதே பல்தான் ஒவ்வொரு முறையும் அடித்துக்கொண்டிருந்தது.

"எப்போ இருந்து இந்தச் சத்தம்?"

"மாட்டின அன்னைக்கே," என்றாள் கீழே நின்ற பேராச்சி. "தாளம் போடுதேன்னு நானும் பாடிக்கிட்டே வேல பாக்கேன்."

தலைக்கு மேல் தோல் கட்டு ஏறிக்கொண்டிருந்தது. மாடியில் சுவிட்சருகே சொரிமுத்து.

"அண்ணாச்சி, மோட்டார நிறுத்தும், பந்த் பண்ணும்!"

மோட்டார் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. தனசீலன் காதைத் தீட்டி எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

டக் வரவில்லை.

"அப்பாடா, நின்னுட்டுது," என்று சிரித்தாள் பேராச்சி.

அடிபட வேண்டிய பல் அங்கே இல்லை. அவன் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். மேலே வரிசையாகப் பற்கள் நொறுங்கின. கட்டு விழுந்தது. அவள் நின்ற இடத்தில் அவளுடைய தண்ணீர்ச் சொம்பு நசுங்கிக் கிடந்தது.

படியில் உருண்டு புரண்டு வந்த சொரிமுத்து மனைவியின் தலையையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேலே நிமிர்ந்தார்.

"பாத்தீரா? எட்டு இன்னும் எங்கயோ ஒளிஞ்சு கெடக்கு."

தொங்கிய சங்கிலியைப் பிடித்து, ஒவ்வொரு கண்ணியாக எண்ணத் தொடங்கினார். அதனடியில் குனிந்து பேராச்சி சொம்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.