ஆட்டிசத்தை வென்ற இளைஞர்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டதும் அப்படித்தான். கணினித் தட்டச்சுப் போட்டியில் என் மகன் முதல் பரிசு வாங்கிய அன்று வீட்டுக்கு ஒரு நிருபர் வந்தார். இருபத்து நான்கு வருடத்தில் இவனைப் பற்றி யாரும் என்னிடம் நல்லதாக எதுவும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "இப்ப எல்லாத்தையும் அவனே பாத்துக்குறான்" என்று அளந்துவிட்டேன். மறுநாள் 'ஆட்டிசத்தை வென்ற இளைஞர்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். நானும் பத்துப் பேப்பர் வாங்கித் தெருவெல்லாம் கொடுத்தேன்.

அதில் ஒன்று இப்போது நலத்துறை அதிகாரியின் ஃபைலில் இருக்கிறது.

"வென்னுட்டாருன்னு போட்டிருக்கே. அப்புறம் துணையாள் எதுக்கும்மா?"

துணையாள் என்றால் நலத்துறை சம்பளம் கொடுத்து அனுப்பும் டிரைவரண்ணன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நான் நிற்கும் எட்டு மணி நேரமும் இவனோடு இருப்பவர். அவர் வருவதற்கு முன்பு இவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போவேன். திரும்பி வரும்போது இவன் விரல் நுனியெல்லாம் ரத்தமாக இருக்கும்.

"பெருமைக்குச் சொன்னேன் சார். அவ்வளவுதான்."

"அப்ப என்னென்ன முடியாதுன்னு எழுதிக் குடுங்க. அவர் மேஜர். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

எழுதினேன். தனியாகத் தெருவைக் கடக்க மாட்டான். அடுப்பை அணைக்க மாட்டான். பெரிய சத்தம் கேட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வான். குளிக்க வைக்க வேண்டும். பெற்றவள் எழுதக் கூடாததையெல்லாம் சேர்த்து ஏழு வரி.

இவனுக்கு மனசுக்குள் படிக்க வராது. இருபது பேர் காத்திருந்த கூடத்தில் விறைப்பாக நின்று, ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தான். என் நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"அம்மா, ஒண்ண விட்டுட்டே."

"என்னடா விட்டேன்?"

குனிந்து எட்டாவது வரியை அவனே எழுதினான்: 'டிரைவரண்ணன் வராவிட்டால் என்னோடு பேச யாரும் இல்லை.' அடியில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்தான்.

அதிகாரி வாசித்தார். எட்டாவதை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

"இது காரணத்துல சேராது தம்பி. மத்தத மேலிடம் பாக்கும். அதுவரைக்கும் அவர வர வேணாம்னு சொல்லிடுங்க."